ஹெட் போல்ட்டுக்குப் பதிலாக ஸ்டட்: மலை ஏறும் பிக்கப்புக்கு அது தேவையா?

2024 ஜூன் 4, வண்டன்மேட்டிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

என்னிடம் 2.5 லிட்டர் டர்போ டீசல் பிக்கப் ஒன்று உள்ளது. கம்பத்திலிருந்து உரமும் அரிசியும் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மேலே வருவதுதான் தொழில். இரண்டு ஆண்டுகளுக்குள் ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) இரண்டு முறை போய்விட்டது. இரண்டு முறையும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய போல்ட்டுகளையே திரும்பப் போட்டார்கள். போல்ட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டு உயர்தர ஸ்டட்டுகளை (இரு முனையிலும் மரை உள்ள, தலையில்லாத கம்பிகளை) நட்டு மேலே நட்டுப் போட்டு இறுக்கினால் இனிமேல் ஹெட் தூக்காது என்று நெடுங்கண்டத்தில் ஒரு மெக்கானிக் சொல்கிறார். அமெரிக்கப் பிக்கப்புகளில் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்களாம். போடலாமா அண்ணாச்சி?

ஜூன் 4, இரவு

இப்போதைக்கு வேண்டாம். இரண்டாவது முறை கேஸ்கெட் ஏன் போயிற்று என்று தெரிந்த பிறகு இந்தக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். பழைய போல்ட்டுகளையே போட்டார்கள் என்ற ஒரு வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. இன்றைய டீசல் என்ஜின்கள் பலவற்றில் ஹெட் போல்ட், குறிப்பிட்ட டார்க்குக்கு (திருகும் விசைக்கு) இறுக்கிய பிறகு இத்தனை டிகிரி என்று திருப்பி, எஃகு தன் நெகிழும் எல்லையைத் தொடும் அளவுக்கு இழுக்கப்படுகிறது. அப்படி இழுபட்ட போல்ட்டை மறுபடி போடக் கூடாது என்றோ, நீளத்தை அளந்து எல்லைக்குள் இருந்தால் மட்டும் போடலாம் என்றோ பட்டறைக் கையேட்டில் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைப் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

ஜூன் 6

ஸ்டட் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதினால்தான் மற்ற கேள்விகளுக்கும் பதில் சொல்ல முடியும்.

போல்ட்டை இறுக்கும்போது அது இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் தாங்குகிறது: நீளவாக்கில் இழுபடுகிறது, கூடவே முறுக்கவும் படுகிறது. பிளாக்கின் மரையிலும் தலைக்கு அடியிலும் உராய்ந்துகொண்டே திரும்புவதால், நாம் கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடுகிறது. மீதமுள்ள ஒரு பங்குதான் ஹெட்டைப் பிளாக்கோடு அழுத்தும் பிடிப்பாக மாறுகிறது. ஸ்டட்டோ பிளாக்குக்குள் விரலால் திருகும் அளவுக்கு மட்டும் இறங்கி அசையாமல் நிற்கிறது. மேலே நட்டு மட்டும், அதுவும் நுண்ணிய மரையில், திரும்புகிறது. ஸ்டட்டின் மேல் முறுக்கு குறைந்து அது பெரும்பாலும் நேராக இழுபடுவதால், ஒவ்வொரு ஸ்டட்டிலும் பிடிப்பு கிட்டத்தட்ட ஒரே அளவில் கிடைக்கிறது. வார்ப்பிரும்புப் பிளாக்கின் மரையும் ஒவ்வொரு முறை ஹெட்டைக் கழற்றும்போது தேயாமல் தப்பிக்கிறது. ஸ்டட்டின் உண்மையான நன்மைகள் இவ்வளவுதான், இவை சிறியவையும் அல்ல.

ஆனால் ‘உயர்தர எஃகு’ என்பதைப் பலர் ‘நீளாத எஃகு’ என்று புரிந்துகொள்கிறார்கள். மலையில் மூட்டை கட்டும் யாருக்கும் தெரியும்: கயிறு இழுபட்டு விறைத்து நிற்பதால்தான் சுமை நகராமல் இருக்கிறது. போல்ட்டும் ஸ்டட்டும் அப்படித்தான் வேலை செய்கின்றன. எஃகு எந்த ரகமாக இருந்தாலும், ஒரே தடிமனும் ஒரே நீளமும் கொண்ட துண்டை ஒரே விசையால் இழுத்தால் ஏறக்குறைய ஒரே அளவுதான் நீளும். உயர்ரக எஃகு நிரந்தரமாக நீண்டுபோவதற்கு முன்னால் இன்னும் அதிகமான விசையைத் தாங்கும் என்பது மட்டுமே வித்தியாசம். ஆகவே விலை உயர்ந்த ஸ்டட்டை வாங்கிப் பழைய போல்ட்டுக்குக் கிடைத்த அதே பிடிப்புக்கு இறுக்கினால், ஹெட்டின் மேல் ஒரு கிலோ கூட அதிகமாக அழுத்தாது. கூடுதல் பிடிப்பு வேண்டுமானால் கூடுதலாக இறுக்க வேண்டும். அப்படி இறுக்கினால் அந்தச் சுமையைப் பிளாக்கின் மரையும் சிலிண்டர் சுவரும்தான் தாங்க வேண்டும். சிலிண்டர் துளையின் வட்டம் நூலளவு கெடுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

ஜூன் 7

‘போல்ட்டுக்குச் சொன்ன டார்க்கையே ஸ்டட்டுக்கும் வைக்கலாமா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. ஏன் என்பதற்குக் கணக்கே போதும்.

12 மி.மீ. மரை, 100 நியூட்டன் மீட்டர் டார்க் என்று வைத்துக்கொள்வோம். மரை உலர்ந்திருந்தால் கிடைக்கும் பிடிப்பு சுமார் 4.2 டன். என்ஜின் ஆயில் தடவினால் சுமார் 5.7 டன். மாலிப்டினம் கலந்த கிரீஸ் தடவினால் சுமார் 7 டன். ரெஞ்ச் மூன்று முறையும் ஒரே எண்ணில்தான் ‘கிளிக்’ என்கிறது. 10.9 என்ற வலிமைத் தரத்தில், 1.75 மி.மீ. புரி இடைவெளி கொண்ட 12 மி.மீ. போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்க உத்தரவாதமுள்ள சுமையும் அந்த 7 டன்னையே ஒட்டி இருக்கிறது. எந்த எண்ணெயைத் தடவி எந்த எண்ணுக்கு இறுக்க வேண்டும் என்பது ஸ்டட்டோடு வரும் தாளில் இருக்கும்; அந்த எண்ணையும் அந்த எண்ணெயையும் பிரிக்கக் கூடாது. தாள் இல்லாமல் வரும் ஸ்டட்டை வாங்காதீர்கள்.

ஜூன் 11

கேட்டவர் இன்னும் காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை என்கிறார். ஆகவே சூட்டைப் பற்றி.

நான் போடிக்காரன். முந்தலில் தொடங்கிப் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். சுமையோடு ஏறும்போது பெரும்பாலும் இரண்டாம் கியர்தான், எதிர்க்காற்று என்று ஒன்றும் கிடையாது; ரேடியேட்டருக்குக் காற்றை இழுப்பது முழுக்க விசிறியின் பொறுப்பு. என் பழைய பிக்கப்பிலும் ஒரு முறை கேஸ்கெட் போயிற்று. தேனியில் ஒரு பட்டறையில் ஹெட்டை மட்டும் பார்த்து, போல்ட் ‘லூஸ்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பிறகு வேறொருவர் ரேடியேட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்: கீழ்ப்பகுதியில் துடுப்புகளுக்கு இடையே சேறும் பஞ்சும் அடைத்திருந்தன, விசிறியின் விஸ்கஸ் கிளட்ச் (சூடேறியதும் விசிறியை என்ஜினோடு பிணைக்க வேண்டிய பகுதி) சூடான பிறகும் பிடிக்காமல் வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது. இரண்டையும் சரிசெய்து, புதிய கம்பெனி போல்ட்டுகளைப் போட்டோம். அந்த வண்டியை விற்கும் வரை ஹெட்டை மறுபடி திறக்கவில்லை.

சூடு ஏறினால் போல்ட் ஏன் தளர்கிறது என்பதையும் கணக்காகப் பார்க்கலாம். அலுமினியம், எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. 100 மி.மீ. உயரமுள்ள அலுமினிய ஹெட் 80 டிகிரி சூடேறினால் சுமார் 0.18 மி.மீ. வளர்கிறது; அதே நீள எஃகுப் போல்ட் 0.09 மி.மீ.தான் வளர்கிறது. மீதி 0.09 மி.மீ. போல்ட்டின் மேல் கூடுதல் இழுவையாக விழுகிறது. முதலில் இறுக்கும்போதே அந்தப் போல்ட் 0.3 மி.மீ. அளவுக்கு இழுபட்டிருக்கிறது என்பதோடு சேர்த்துப் பார்த்தால், இது சிறிய தொகை அல்ல. வழக்கமான சூட்டுக்கு வடிவமைப்பாளர் இடம் விட்டிருக்கிறார். ஊசி சிவப்பைத் தாண்டினால் அந்த இடம் தீர்ந்துவிடுகிறது: போல்ட் நிரந்தரமாக நீள்கிறது, அல்லது கேஸ்கெட் நசுங்குகிறது, அல்லது ஹெட் வளைகிறது. குளிர்ந்த பிறகு பிடிப்பு குறைந்து நிற்கிறது. அடுத்த ஏற்றத்தில் சிலிண்டரில் எரிந்த வாயு வெளியேற வழி கண்டுபிடித்துவிடுகிறது.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால்தான் கொதிநிலை 118 டிகிரியை ஒட்டி நிற்கும்; பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரிகள் கூடும். சில நூறு ரூபாய் மூடி தளர்ந்திருக்க, பல ஆயிரம் ரூபாய்க்கு ஸ்டட் தேடுவதில் அர்த்தமில்லை.

ஜூன் 12

பூப்பாறை நண்பர் ஒருவர், ‘ஏலக்காய் ஏற்றும் எங்கள் வண்டிகளுக்கு ஏன் கேஸ்கெட் போவதில்லை?’ என்று பெருமையோடு கேட்கிறார். ஏலக்காய் இறக்கத்தில் போகிறது ஐயா. ஏற்றத்தில் வருவது உரமூட்டை.

ஜூன் 13

இன்னொன்று: ஜூன், ஜூலையில் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துவந்து ‘இப்போது சூடு ஏறவில்லை’ என்று மகிழ வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் மேட்டுப்பக்கம் எந்த வண்டியும் சூடேறாது. மார்ச் மாத மதியத்தில் முழுச் சுமையோடு ஏறிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஜூன் 19

‘ஏ.ஆர்.பி. என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஸ்டட்டை இறக்குமதி செய்வதற்குப் பதிலாகக் கோயம்புத்தூரில் லேத்தில் கடைந்து வாங்கலாமே, ஈஎன் 24 கம்பி எங்கும் கிடைக்கிறதே’ என்ற யோசனை வந்திருக்கிறது. கோவைக் கடைசல்காரர்களின் கையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கம்பியின் கணக்கையும் மரையின் கணக்கையும் மட்டும் சொல்கிறேன்.

வழக்கமாகக் கடையில் கிடைக்கும், பதப்படுத்திய ஈஎன் 24 என்ற கலப்பு எஃகுக் கம்பியின் இழுவலிமை 850 முதல் 1,000 மெகா பாஸ்கல் வரை. 10.9 தரப் போல்ட்டின் இழுவலிமை 1,040. அதாவது ‘மேம்படுத்த’ வாங்கும் ஸ்டட், கழற்றி எறியும் போல்ட்டைவிட ஒரு படி கீழேதான் நிற்கும். ஈஎன் 8 என்ற சாதாரண கார்பன் எஃகு என்றால் பேச்சே வேண்டாம். ஏ.ஆர்.பி. 2000 என்று விற்கப்படும் உலோகம் 1,500 மெகா பாஸ்கலை ஒட்டியது. ஈஎன் 24-ஐ மேலும் கடினப்படுத்தலாம் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு மரையை எப்படிப் போடுகிறார்கள் என்ற கேள்வி வரும். நல்ல ஸ்டட்டில் வெப்பப் பதத்துக்குப் பிறகு மரையை உருட்டி அழுத்துகிறார்கள். உலோகத்தின் இழை அறுபடாமல் மரையின் வடிவத்தோடு வளைந்து போகிறது. லேத்தில் வெட்டிய மரையின் அடிக்கூர்மையில் இழை அறுபட்டு நிற்கும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் ஏறி இறங்கும் சுமையில் விரிசல் பிறப்பது அங்கேதான். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று துத்தநாகப் பூச்சுக்குக் கொடுத்தால் இன்னும் மோசம்: மிகக் கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, இறுக்கி வைத்த சில மணி நேரத்திலோ சில நாளிலோ சத்தமில்லாமல் ஒடிக்கும்.

டிராக்டர் டிரெய்லருக்குக் கடைந்து போடுங்கள். ஹெட்டுக்கு வேண்டாம்.

ஜூலை 2

அமெரிக்க உதாரணத்தைப் பலர் மறுபடி மறுபடி கொண்டுவருவதால், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஃபோர்டு நிறுவனம் அங்கே 2003 முதல் 2007 வரையான பெரிய பிக்கப்புகளில் வைத்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் வி-8 என்ஜினில், ஒரு ஹெட்டுக்கு 10 போல்ட்டுகள்தான். அவை எல்லை வரை இழுபட்டு ஒரு முறை மட்டுமே பயன்படும் வகையைச் சேர்ந்தவை. ஆயில் கூலர் அடைத்துக்கொள்ளும், அதனால் ஈ.ஜி.ஆர். கூலருக்கு (என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் பகுதிக்கு) கூலன்ட் குறைந்து, அது வெடித்து ஒழுகும். இதற்கு மேல் உரிமையாளர்கள் என்ஜின் கணினியின் அமைப்பை மாற்றும் டியூனரைப் போட்டு டர்போ அழுத்தத்தையும் உயர்த்தினார்கள். ஹெட் தூக்கியது. 14 மி.மீ. ஸ்டட் போட்டு 210 அடி-பவுண்டுக்கு, அதாவது சுமார் 285 நியூட்டன் மீட்டருக்கு, இறுக்குவது அந்த என்ஜினுக்கு வாடிக்கை மருந்தாயிற்று. ஆனால் விவரம் தெரிந்த பட்டறைகள் அங்கேயும் ஸ்டட்டோடு ஆயில் கூலரையும் ஈ.ஜி.ஆர். கூலரையும் சேர்த்தே மாற்றின. நம் ஊருக்கு வந்து சேர்ந்த கதையில் ஸ்டட் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கேட்டவரின் வண்டியிலும் ஈ.ஜி.ஆர். கூலர் இருக்கும். அது உள்ளே ஒழுகினாலும் வெள்ளைப் புகை வரும், கூலன்ட் குறையும். பார்ப்பதற்குக் கேஸ்கெட் போனது போலவே இருக்கும். ஹெட்டைத் தொடுவதற்கு முன் அதைத் தனியாகக் கழற்றி அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

ஜூலை 3

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், கம்மின்ஸ் ஆறு சிலிண்டர் என்ஜினில் ஹெட்டைக் கழற்றாமலேயே ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து ஒவ்வொரு ஸ்டட்டாகப் போடுகிறார்களே என்று சுட்டிக்காட்டியிருக்கிறார். உண்மைதான், செய்கிறார்கள். அது கேஸ்கெட் நன்றாக இருக்கும்போது, டர்போ அழுத்தத்தை உயர்த்துவதற்கு முன்னால் செய்யும் முன்னெச்சரிக்கை. ஏற்கெனவே ஒழுகும் கேஸ்கெட்டை அந்த வழியில் காப்பாற்ற முடியாது. எரிந்த வாயு ஒரு முறை அரித்த தடம் மேலிருந்து இறுக்குவதால் மூடாது.

ஜூலை 15

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் ஸ்டட்டுக்கே எதிரி என்று தோன்றும். அப்படி இல்லை. பூப்பாறையில் இருக்கும் என் மைத்துனர் தன் பிக்கப்பின் கணினியை ரீமேப் செய்து, அதாவது கூடுதல் இழுவைக்காக அமைப்பை மாற்றி, வைத்திருக்கிறார் (வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம், மச்சான் கேட்பவர் இல்லை). அவருடைய என்ஜினுக்கு ஸ்டட் தேவை என்பதுதான் என் தீர்ப்பு.

காரணம் இது. 90 மி.மீ. சிலிண்டரில் எரிப்பழுத்தம் 150 பார் எட்டினால் ஹெட்டை மேலே தள்ளும் விசை 9.7 டன். ரீமேப் செய்து அது 180 பாராக ஏறினால் 11.7 டன். ஒவ்வொரு சிலிண்டரிலும் கூடுதலாக இரண்டு டன், ஒவ்வொரு எரிப்பிலும். கம்பெனி போல்ட் ஏற்கெனவே தன் எல்லை வரை இழுபட்டிருக்கிறது. இன்னும் இறுக்க அதில் இடமில்லை. அங்கே உயர்ரக ஸ்டட் தரும் கூடுதல் எல்லை உண்மையாகவே பயன்படுகிறது. இப்படி அழுத்தம் உயர்ந்த என்ஜினும், பலமுறை ஹெட் கழற்றிப் பிளாக்கின் மரை களைத்துப்போன என்ஜினும்தான் ஸ்டட்டுக்கு உரியவை என்று என் பழைய ‘வேண்டாம்’ என்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். கம்பெனி அமைப்பில் ஓடும் உரவண்டி இந்த இரண்டிலும் சேராது.

மைத்துனரின் வண்டியில் வேலை நடந்தபோது கூட இருந்தேன். பிளாக்கின் அடிமூடிய துளைகளில் தேங்கிய எண்ணெயையும் கூலன்டையும் காற்றடித்து வெளியேற்றுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. துளையில் திரவம் இருந்தால் அது நசுங்காது. ஸ்டட் அடியைத் தொட்டதுபோல ஏமாற்றும், போல்ட்டாக இருந்தால் பிளாக்கையே வெடிக்க வைக்கும். மரையைச் சுத்தம் செய்ய வெட்டும் டேப்பை விடாமல், மரையைத் துடைக்க மட்டும் செய்யும் சேசரைப் பயன்படுத்த வைத்தோம். டேப் விட்டால் நல்ல உலோகமும் சேர்ந்து வந்துவிடும். ஸ்டட்டைக் கையால் இறக்கியதோடு சரி. மெக்கானிக் ஒரு கால் சுற்றுச் சேர்த்து இறுக்கக் கை வைத்தபோது மைத்துனரே தடுத்துவிட்டார்.

ஒரு சங்கடம் யாரும் எழுதாதது: எல்லா ஸ்டட்டையும் நட்டுவிட்டு ஹெட்டை மேலிருந்து இறக்கப் போனால், கடைசி சிலிண்டருக்கு மேல், என்ஜினையும் ஓட்டுநர் அறையையும் பிரிக்கும் தகடு குறுக்கே நிற்கிறது. ஹெட்டை அந்த உயரத்துக்குத் தூக்க இடமில்லை. பின்பக்கத்து ஸ்டட்டுகளை மட்டும் ஹெட்டின் துளைக்குள் தொங்கவிட்டு, ரப்பர் வளையத்தால் தாங்கிப் பிடித்து, ஹெட் உட்கார்ந்த பிறகு கீழே திருகினோம். பிறகு நடுவிலிருந்து வெளிநோக்கி, சம அளவான மூன்று கட்டங்களில் இறுக்கம்.

ஜூலை 16

வண்டி கொஞ்சம் ஓடிய பிறகு ஹெட்டை மறுபடி இறுக்க வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கேஸ்கெட் பல அடுக்கு எஃகுத் தகடாக இருந்தால் பொதுவாக வேண்டாம். கலப்புப் பொருளாக இருந்து, தயாரித்தவரின் தாளில் எழுதியிருந்தால் செய்யுங்கள்.

ஆகஸ்ட் 9

கேள்வி கேட்ட வண்டன்மேட்டு வாசகர் ஹெட்டைத் திறந்துவிட்டார். நேர்க்கட்டையும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்ததில் நீளவாக்கில் 0.12 மி.மீ. வளைவு. பெரும்பாலான நான்கு சிலிண்டர் டீசல் ஹெட்டுகளுக்கு 0.05 மி.மீ.க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும், 0.10 தாண்டினால் அப்படியே பூட்டக் கூடாது. முந்தைய இரண்டு முறையும் யாரும் கட்டையை வைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. வளைந்த ஹெட்டை எந்த ஸ்டட் கொண்டு இறுக்கினாலும் நடுச் சிலிண்டர்களுக்கு இடையே கேஸ்கெட் மறுபடி போயிருக்கும்.

ஃபேஸிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமன்செய்வது) செய்யலாமா என்று கேட்கிறார். கையேட்டில் ஹெட்டின் குறைந்தபட்ச உயரம் கொடுத்திருந்தால், அதற்குள் நின்றால் செய்யலாம். கொடுக்கவே இல்லை என்றால் அந்த ஹெட்டைச் சீவக் கூடாது என்று பொருள். சீவிய பிறகு வால்வு எவ்வளவு உள்வாங்கி நிற்கிறது, இன்ஜெக்டர் முனை எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளக்க வேண்டும். கேஸ்கெட்டின் தடிமனையும் பழைய கேஸ்கெட்டின் ஓரத்து வெட்டுக்குறிகளைப் பார்த்து வாங்கிவிடாமல், பிஸ்டன் பிளாக்கின் மேல் எவ்வளவு நீட்டுகிறது என்று டயல் கேஜில் அளந்தே முடிவு செய்யுங்கள்.

ஆகஸ்ட் 11

அவரே மீண்டும்: ஒரு துளையில் மட்டும் மரை உரிந்து வந்திருக்கிறது, அந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்டட் போட்டு மற்றவற்றுக்குப் புதிய போல்ட் போடலாமா?

கூடாது. ஒரே ஹெட்டில் இரண்டு வகைப் பிடிப்பு இருந்தால் கேஸ்கெட் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் நசுங்கும். அந்தத் துளையை ஹெலிகாயில் (புதிய மரையாக அமையும் கம்பிச் சுருள்) அல்லது அதைவிடத் தடித்த சுவருள்ள மரைக்குழல் போட்டுச் சரிசெய்துவிட்டு, எல்லா இடத்திலும் கம்பெனியின் புதிய போல்ட்டுகளையே போடுங்கள். கையில் பிடித்த டிரில்லால் துளைக்க விடாதீர்கள். பிளாக்கை மில்லிங் மேசையில் ஏற்ற முடியாவிட்டால், ஹெட்டின் இடத்தில் வழிகாட்டித் தகடு ஒன்றைப் பூட்டி, துளை செங்குத்தாக இறங்குவதை உறுதி செய்யச் சொல்லுங்கள். அடுத்த துளையின் போல்ட்டை இறுக்குவதற்கு முன், சரிசெய்த துளையில் ஒரு பழைய போல்ட்டைப் போட்டுப் பாதி டார்க்குக்கு இறுக்கிக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். குழல் கூடவே வந்தால் அது இப்போதே வரட்டும்.